எஸ் பெண்டு

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டரை மாசம் கேப். "என்ன ப்ரோ, கடையை மூடிட்டீங்களா"ன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. மூடல. அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன். இப்போ நல்லா இருக்காரு. பக்கத்து ரூம்ல டிவி சத்தம் கேட்டா அது அவர்தான், எடிட்ல எடுக்க முடியாது.

இன்னிக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பத்திப் பேசப் போறேன். சிக்மாய்ட். என்னை மாதிரி மெஷின் லேர்னிங் பக்கம் எட்டிப் பாத்தவங்களுக்கு இது ஒரு ஃபங்ஷன். டாக்டர்களுக்கு இது குடல்ல ஒரு பகுதி. எனக்கு ரெண்டாவது அர்த்தம் தெரிய 28 வயசும் ஒரு பயாப்ஸி ரிப்போர்ட்டும் தேவைப்பட்டுச்சு. சாப்பிட்டுக்கிட்டே கேக்கறவங்க தட்டைக் காலி பண்ணிட்டு வாங்க. வெயிட் பண்றேன்.

கதை திருவண்ணாமலையில ஆரம்பிக்குது. அப்பா அரசு பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர், 62 வயசு. போளூர், ஜமுனாமரத்தூர் ரூட்டு ரொம்ப வருஷம் ஓட்டியிருக்காரு. ஜவ்வாது மலை ரோடு. டிரைவருங்க கிட்ட ஒரு தியரி உண்டு. இன்ஜின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து உடம்பு சூடாயிடும், சூடு ஏறினா மூலம் வந்துடும். அப்பாவோட செட்டுல பாதி பேருக்கு மூலம். இல்லன்னா மூலம்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்ட ஏதோ ஒண்ணு. அதனால ரத்தத்தைப் பாத்தப்போ அவருக்கு சந்தேகமே வரல. அம்மாகிட்ட மட்டும், "சூடு, ரத்த மூலம், வேற ஒண்ணுமில்ல"ன்னு சொல்லியிருக்காரு. எனக்கு சொல்லல. அம்மா மோர், வெந்தயம், துத்தி இலை, சின்ன வெங்காயம்னு எல்லாத்தையும் இறக்கிட்டாங்க. நடுவுல ஒரு கிளினிக்குக்கும் போயிருக்காரு. ஊருக்குள்ள எந்தச் சுவத்தைப் பாத்தாலும் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்"னு எழுதியிருக்குமே, அந்த வகை. ஒரு லேகியம், ஒரு ஊசி, "காரம் சாப்பிடாதீங்க". எட்டு மாசம் இப்படியே ஓடியிருக்கு.

எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவும் நானும் வருஷா வருஷம் சேர்ந்து கிரிவலம் போவோம். 14 கிலோமீட்டர். எனக்கு எட்டாவது கிலோமீட்டர்ல கால் வலிக்கும், அவருக்கு வலிக்காது, திரும்பிப் பாத்து சிரிப்பாரு. இந்த வருஷம் அவரே மூணு இடத்துல நின்னாரு. மூணு தடவையும் கழிவறை எங்கன்னு தேடினாரு. அந்தக் கூட்டத்துல கழிவறை வாசல்ல வரிசை எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். மூணாவது தடவை வெளிய வந்தப்போ முகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. "என்னப்பா, வயிறு சரியில்லையா"ன்னு கேட்டேன். "வயித்துக்கு என்ன, நல்லாதான் இருக்கு. வா, நடக்கலாம்."

இந்த "வயித்துக்கு என்ன"ங்கற பதிலை ஞாபகம் வெச்சுக்கோங்க. மறுபடியும் வரும்.

ஒருவழியா அவரை வெளியூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பேர் வேண்டாம். முதல்ல ஒரு ஜூனியர் டாக்டர், பாவம், வெளி மாநிலம்னு நினைக்கிறேன், தமிழ் கொஞ்சம்தான். கையில ஒரு ஃபார்ம். அதுல இங்கிலீஷ்ல "பவல் ஹேபிட்ல மாற்றம் உண்டா"ன்னு ஒரு கட்டம். அவர் கேட்டது: "ஐயா, வயிறு எப்படி இருக்கு?" அப்பா சொன்னது: "நல்லா இருக்கு சார்." டிக். அடுத்த கேள்வி.

பக்கத்துல நின்ன எனக்கே அப்போ உறைக்கல. பவல்னா குடல். பவல் ஹேபிட்னா மலம் கழிக்கிற பழக்கம். எத்தனை தடவை, எப்படி, எவ்வளவு நேரம், முன்ன இருந்ததுக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம். இதையெல்லாம் "வயிறு"ங்கற ஒரு சொல்லுக்குள்ள அடைச்சாச்சு. தமிழ்ல வயிறு எல்லாத்தையும் தாங்கும். பசி வயித்துல, பயம் வயித்துல, பொறாமை வயித்தெரிச்சல், பிள்ளைகூட "என் வயித்துல பொறந்தது"தான். ஆனா ஒரு 62 வயசு மனுஷன் "வயிறு எப்படி"ன்னு கேட்டா வலி இருக்கா, பசிக்குதான்னுதான் யோசிப்பாரு. அவருக்கு வலியும் இல்ல, பசியும் குறையல. பொய் சொல்லல அவரு. கேட்ட கேள்விக்கு சரியான பதில் சொன்னாரு. நாங்க கோட் எழுதறப்போ இதை டைப் மிஸ்மேட்ச்னு சொல்வோம். என்ன கொடுமைன்னா, அங்க எர்ரர் வரும். இங்க டிக் வந்துச்சு.

காப்பாத்தினது ஒரு சீனியர் சிஸ்டர். ரத்த அழுத்தம் பாக்க வந்தவங்க, ஃபைலைப் பாத்துட்டு சும்மா பேச்சுக் கொடுத்தாங்க. "ஐயா, காலையில வெளிய எத்தனை வாட்டி போறீங்க?" அப்பா டக்குனு, "நாலஞ்சு வாட்டி ஆகுதும்மா." "முன்னாடி?" "ஒரே வாட்டிதான். டூட்டிக்குப் போறவன், கரெக்ட் டைம்." "போயிட்டு வந்த அப்புறமும் இன்னும் உள்ள இருக்கற மாதிரியே இருக்கா?" அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "ஆமாம்மா. ஒல்லியாத்தான் போகுது. ரத்தம் மேல படிஞ்சு இல்ல, கலந்து வருது." எட்டு மாசமா அம்மாகிட்ட சொல்லாதது, எங்கிட்ட சொல்லாதது, ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. சிஸ்டர் ஃபைல்ல எதையோ எழுதி, அடியில கோடு போட்டாங்க.

அப்புறம் கொலோனோஸ்கோபி. முந்தின நாள் ராத்திரி ஒரு பவுடரை ரெண்டு லிட்டர் தண்ணியில கலக்கிக் குடிக்கணும். லைட்டா உப்புக் கரிக்கும், எலுமிச்சை வாசனை. அப்பா ஒரு டம்ளர் குடிச்சுட்டு, "இதுக்கு டீசலே தேவலாம்"னாரு. ராத்திரி முழுக்க அவருக்கும் தூக்கம் இல்ல, எனக்கும் இல்ல.

மறுநாள் ஸ்கோப் முடிஞ்சு டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காமிச்சாரு. "சிக்மாய்ட்ல ஒரு குரோத் இருக்கு. பயாப்ஸி எடுத்திருக்கோம். ரிசல்ட் வர அஞ்சு நாள்."

என் மூளை என்ன பண்ணுச்சு தெரியுமா? அப்பா உடம்புல கட்டின்னு ஒருத்தர் சொல்றாரு, எனக்குள்ள ஒரு வளைகோடு ஓடுது. காலேஜ் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல போட்ட அதே சிக்மாய்ட். ஒரு எண்ணை உள்ள கொடுத்தா பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். ஆமா, இல்லன்னு முடிவு சொல்ல வேண்டிய மாடல்ல கடைசி அடுக்குல அதை வைப்போம். 0.93னா அனேகமா ஆமா. 0.07னா அனேகமா இல்ல. அந்தக் கோடு ஒண்ணைத் தொடப் போற மாதிரியே போகும், தொடாது. அந்த அஞ்சு நாளும் நான் அந்தக் கோட்டு மேலதான் உக்காந்திருந்தேன்.

சரி, ஒரே பேரு எப்படி கணக்குலயும் குடல்லயும்? ரெண்டுக்கும் அப்பன் ஒருத்தன்தான். கிரேக்க எழுத்து சிக்மா, நம்ம "ஸ்" சத்தத்துக்கு அவங்க எழுத்து. "ஆய்ட்"னா அந்த மாதிரி வடிவம் உள்ளது. சிக்மா வடிவம், அதாவது இங்கிலீஷ் எஸ் மாதிரி நெளிஞ்சு போறது. கிராஃப் எஸ் மாதிரி நெளியுது, சிக்மாய்ட். குடல் எஸ் மாதிரி நெளியுது, சிக்மாய்ட். ஒரு சின்ன உபரித் தகவல்: பழைய கிரேக்கத்துல சிக்மாவை சி மாதிரி, பிறை வடிவத்துலயும் எழுதினாங்க. அதனால முழங்கை எலும்புல பிறை மாதிரி இருக்கற ஒரு பள்ளத்துக்கும் பழைய மருத்துவ நூல்கள்ல சிக்மாய்ட்னுதான் பேரு. மண்டைக்குள்ள ஒரு ரத்தக் குழாய்ப் பாதைக்கும் அதே பேர். ஆக "சிக்மாய்ட்"னு மட்டும் சொன்னா டாக்டருக்கே பத்தாது, சிக்மாய்ட் கோலன்னு முழுசா சொல்லணும்.

கோலன்னதும் சில பேர் சிரிப்பீங்க. தெரியும். ஒரு செமிகோலன் விட்டுட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடின கூட்டம்தானே நாம. அந்தக் கோலனும் இந்தக் கோலனும் ஒண்ணு இல்ல. கிரேக்கத்துல ரெண்டு தனித்தனிச் சொல். ஒண்ணுக்கு உடலுறுப்பு, வாக்கியத்தோட ஒரு துண்டுன்னு அர்த்தம், அதுல இருந்து முக்காற்புள்ளி வந்தது. இன்னொண்ணு பெருங்குடல். இங்கிலீஷ்ல வந்து சேர்ந்தப்போ ஸ்பெல்லிங் ஒண்ணாயிடுச்சு. ஆனா பெருங்குடல்ல பாதியை வெட்டி எடுக்கற ஆபரேஷனுக்கு ஹெமிகோலெக்டமின்னு பேரு. ஹெமின்னா கிரேக்கத்துல பாதி, செமின்னா லத்தீன்ல பாதி. இதை சர்ஜன்கிட்ட சொல்லி சிரிச்சேன். அவர் சிரிக்கல. அவருக்கு அன்னிக்கு ஆறாவது கேஸ்.

இப்போ இடம் எங்கன்னு பாப்போம். நம்ம சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர். அதுக்கப்புறம் பெருங்குடல், சுமார் ஒன்றரை மீட்டர். வலது இடுப்புப் பக்கம் ஆரம்பிச்சு மேல ஏறும், ஈரல் கிட்ட திரும்பி வயித்துக்குக் குறுக்கா இடது பக்கம் போகும், அங்க இருந்து கீழ இறங்கும். சிறுகுடலைச் சுத்தி ஒரு சட்டம் போட்ட மாதிரி. இறங்கினது நேரா வெளிய போயிருக்கலாம். போகாது. இடது இடுப்புக்குள்ள வந்ததும் ஒரு நெளி நெளிஞ்சு, அப்புறம்தான் மலக்குடல்ல சேரும். அந்த நெளிவுதான் சிக்மாய்ட். பெரியவங்களுக்கு சுமார் 40 சென்டிமீட்டர், ஆனா ஆளுக்கு ஆள் நிறைய மாறும். மலக்குடல் ஒரு 12ல இருந்து 15 சென்டிமீட்டர். அதுக்கு ரெக்டம்னு லத்தீன்ல பேரு, "நேரானது"ன்னு அர்த்தம். மனுஷனுக்கு அது நேரா இல்ல, வளைவு இருக்கு. பழைய காலத்துல விலங்குகளை அறுத்துப் பாத்து வெச்ச பேர், அப்படியே ஒட்டிக்கிச்சு. லெகசி கோட்ல வேரியபிள் பேரை யாரும் மாத்த மாட்டாங்க இல்ல, அதே கதை.

இந்த அளவெல்லாம் எதுக்குன்னா, "மூலம்"ங்கற சொல்லோட பிரச்சினை இங்கதான் இருக்கு. மூலம்ங்கறது ஆசனவாய் கிட்ட இருக்கற ரத்த நாளங்கள் வீங்கறது. வாசப்படியில நடக்கற விஷயம். அப்பாவோட கட்டி இருந்தது உள்ளறையில. டாக்டர் விரல் விட்டுப் பாத்தாலும் மலக்குடலோட கீழ்ப் பகுதிதான் எட்டும், சிக்மாய்ட் எட்டாது. ஸ்கோப் போட்டாத்தான் தெரியும். ரத்தம் எந்த அறையில இருந்து வந்தாலும் ஒரே வாசல் வழியாத்தானே வரணும்? வாசல்ல ரத்தத்தைப் பாத்ததும் வாசல்லதான் காயம்னு எழுதி மூடிட்டோம். "ரத்த மூலம்"ங்கறது ஒரு அறிகுறியோட பேர் மாதிரி ஒலிக்குது, ஆனா அது ஏற்கனவே முடிவு பண்ணின தீர்ப்பு. தீர்ப்பு வந்துட்டா விசாரணை எதுக்கு?

நம்ம துறையில இருக்கறவங்களுக்கு ஒரு கசப்பான ஜோக்கும் இதுல இருக்கு. மூலம்னா வேர், தோற்றுவாய். சோர்ஸ் கோடுக்குத் தமிழ்ல மூலநிரல்னுதான் சொல்றோம். ஓப்பன் சோர்ஸை "திறந்த மூலம்"னு எழுதினா ஆபீஸ்ல நாலு பேர் சிரிப்பாங்க, நானும் சிரிச்சிருக்கேன். எட்டு மாசமா எங்க வீட்டுல எல்லாரும் மூலம் மூலம்னு சொல்லிக்கிட்டிருந்தோம். மூலம் எதுன்னு யாரும் கேக்கல.

பயாப்ஸி வந்துச்சு. கேன்சர். அதை அப்பாகிட்ட நான்தான் சொல்லணும்னு முடிவாச்சு. அம்மா முடியாதுன்னுட்டாங்க, அக்கா போன்லயே அழுதுட்டா. ஆஸ்பத்திரி கேன்டீன்ல உக்காந்து, ரசீதுக்குப் பின்னாடி படம் போட்டேன். ஏறுது, குறுக்கா போகுது, இறங்குது, இங்க நெளியுது. அவருக்குப் புரியற மாதிரி ஊர்ல இருந்தே ஒரு உதாரணம் எடுத்தேன். கிரிவலப் பாதையில இடுக்குப் பிள்ளையார் கோவில் இருக்கே, பின்பக்கமா நுழைஞ்சு, ஒருக்களிச்சுப் படுத்து, உடம்பை நெளிச்சு நெளிச்சு முன்னாடி வரணும். "அந்த மாதிரிப்பா. உனக்கு ஸ்கோப் பண்ணினப்போவும் ஒருக்களிச்சுத்தான் படுக்க வெச்சாங்க இல்ல? அந்தக் கேமரா உள்ள அப்படித்தான் நெளிஞ்சு போச்சு. அந்த இடுக்குல ஒரு கட்டி."

அப்பா படத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் விரலை வெச்சு அந்த நெளிவைத் தடவினாரு.

"எஸ் பெண்டு."

"என்னப்பா?"

"இதுக்கு எதுக்குடா பிள்ளையாரை இழுக்கற. இது எஸ் பெண்டு. மலை ரோட்ல ஒரு பெண்டு திரும்பி மூச்சு விடறதுக்குள்ள எதிர்ப்பக்கம் இன்னொரு பெண்டு வருமே, அது. அங்க ஒரு பாறை விழுந்து கிடந்தா என்ன ஆகும்? டூ வீலர் போயிடும், பஸ் போகாது. அதான் ஒல்லியா போச்சா?"

அதேதான். சர்ஜன் சொன்ன அதே விளக்கம். பெருங்குடலோட வலது பக்கம் மலம் இன்னும் தண்ணியா இருக்கும், இடமும் அகலம். அங்க கட்டி வந்தா அடைப்பு சீக்கிரம் தெரியாது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு சோகை வரும், காரணம் தெரியாம இரும்புச்சத்து மாத்திரை ஓடிக்கிட்டிருக்கும். சிக்மாய்டுக்கு வர்றதுக்குள்ள தண்ணி உறிஞ்சப்பட்டு மலம் கெட்டியாயிடும், குழாயும் குறுகல். அங்க கட்டி வந்தா போற பழக்கம் மாறும், ஒல்லியாகும், முக்க வேண்டி வரும், ரத்தம் கண்ணுக்குத் தெரியும். கடைசியில முழு அடைப்பே வரலாம். கிரேக்க எழுத்தும் லத்தீன் இலக்கணமும் எனக்குச் சொல்லித் தராததை ஒரு டிரைவரோட வார்த்தை சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் சிக்மாய்ட்னு சொல்றதே இல்ல.

அந்த நாட்கள்ல ராத்திரி தூக்கம் வராது. வார்டு வராந்தாவுல உக்காந்து, இந்தச் சொற்களுக்கெல்லாம் தமிழ்ல யார் முதல்ல பேர் வெச்சிருப்பாங்கன்னு தேடினேன். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்னு ஒரு அமெரிக்க டாக்டர் கிடைச்சார். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊர்க்காரர். 1847ல யாழ்ப்பாணத்துக்கு மிஷனரி டாக்டரா வந்தவர். மானிப்பாய்ல இருந்து வைத்தியம் பாத்ததோட, தமிழ் கத்துக்கிட்டு, தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். புத்தகம் இல்லையேன்னு அவரும் அவர் மாணவர்களும் உக்காந்து மொழிபெயர்த்தாங்க. அறுவை சிகிச்சைக்கு "இரண வைத்தியம்", 1867. கிரேயோட உடற்கூறு நூல், இன்னிக்கும் மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் தூக்கிட்டு அலையற அதே கிரே, "மனுஷ அங்காதிபாதம்"ங்கற பேர்ல 1872ல தமிழ்ல வந்துடுச்சு. இங்கிலீஷ்ல அது முதல்ல வந்தது 1858ல. பதினாலே வருஷம்.

அவர் சொல் உருவாக்கின முறை எனக்குப் பிடிச்சிருந்தது. முதல்ல தமிழ்ல தேடு. கிடைக்கலன்னா சமஸ்கிருதம். அதுவும் இல்லன்னா இங்கிலீஷையே எடுத்து தமிழ் மூக்கு ஒட்டிடு. கெமிஸ்ட்ரி "கெமிஸ்தம்" ஆனது அப்படித்தான். அவர் 1884ல வூஸ்டர்லயே இறந்தார், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செஞ்சவர்னு கல்லறையில எழுதியிருக்கு. அங்காதிபாதம்ங்கற சொல் இன்னிக்கு யார் வாயிலயும் இல்ல. அது அவர் தப்பு இல்லன்னு நினைக்கிறேன். சொல்லை உருவாக்கறது ஒரு வேலை. அந்தச் சொல்லை நோயாளியும் டாக்டரும் ஒரே கட்டில்ல உக்காந்து பேசறது வேற வேலை. அவர் கட்டின வகுப்பறையில ரெண்டும் தமிழ்ல நடந்துச்சு. நமக்கு சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், குடல்வால்னு அருமையான சொற்கள் எட்டாம் வகுப்பு புத்தகத்துலயே இருக்கு. பரீட்சை எழுதிட்டு அங்கயே விட்டுட்டு வந்துடறோம்.

ஆனா வார்டுல ஒரு தமிழ் இருக்கு மக்களே. அதைக் கேக்கணும். "மோஷன் போனீங்களா", "வயித்தால போகுதா", "வெளிக்கு வந்துச்சா". எங்க ஊர்ப் பக்கம் பெரியவங்க "கொல்லைக்குப் போயிட்டு வரேன்"னுதான் சொல்வாங்க, வீட்டுக்குள்ள டைல்ஸ் போட்ட பாத்ரூம் வந்தும் அது கொல்லைதான். எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி, ஆபரேஷனுக்கு அப்புறம் கேக்கறது: "காத்து பிரிஞ்சுதா?"

அதுக்கு முன்னாடி ஆபரேஷன். லேப்ரோஸ்கோபி. சிக்மாய்டை வெட்டி எடுத்து, மேல் முனையையும் கீழ் முனையையும் இணைக்கணும். இணைப்பு சரியா வராதுன்னு தோணினா வயித்துல ஒரு துளை போட்டு வெளிய பை மாட்ட வேண்டி வரலாம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. முந்தின நாள் ஒரு சிஸ்டர் வந்து அப்பாவை உக்கார வெச்சு, நிக்க வெச்சு, வேட்டி எங்க கட்டுவாருன்னு பாத்து, பை வெச்சா எந்த இடம்னு மார்க்கர் பேனாவால வயித்துல ஒரு வட்டம் போட்டாங்க. கேன்சர்னு சொன்னப்போ கலங்காத மனுஷன், அந்த வட்டத்தைப் பாத்து ராத்திரி முழுக்க தூங்கல. "பையோட எப்படிடா கோவிலுக்குப் போவேன்"னாரு. நான் ஏதோ சமாதானம் சொன்னேன், என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. இப்போ யோசிச்சா, நேராவே சொல்லியிருக்கலாம்: பை மாட்டினவங்க கோவிலுக்குப் போறாங்க, வேலைக்குப் போறாங்க, பஸ்கூட ஓட்டறாங்க.

பை தேவைப்படல. அந்த வட்டம் அழிய மட்டும் ஒரு வாரம் ஆச்சு.

ஆபரேஷன் முடிஞ்சா குடல் கொஞ்ச நாள் ஸ்ட்ரைக் பண்ணும். அசையாது. அது மறுபடி வேலையை ஆரம்பிச்சதுக்கு முதல் அடையாளம் காத்து பிரியறது. டாக்டர் ரவுண்ட்ஸ்ல காலையில அதான் முதல் கேள்வி. ஆறு படுக்கை வார்டு, ஆறு குடும்பமும் அதுக்காகத்தான் காத்திருக்கு. மூணாவது நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அப்பா என் தோளைத் தட்டினாரு. பதறி எழுந்தா, மெதுவா காதுல, "தம்பி, பிரிஞ்சிடுச்சு". எதிர் படுக்கை ஆம்பூர்க்கார ஐயா தூங்காம இருந்திருக்காரு. "வாழ்த்துகள் சார்"னாரு. சத்தியமா சொல்றேன், என் முதல் ரிலீஸ் ப்ரொடக்ஷன் போனப்போகூட இவ்வளவு சந்தோஷப்படல.

எடுத்த குடலைப் பரிசோதிச்ச ரிப்போர்ட் பத்து நாள் கழிச்சு வந்துச்சு. கட்டி குடல் சுவரோட தசை வரைக்கும் போயிருந்தது, அதைத் தாண்டல. நிணநீர் முடிச்சுகளைக் குறைஞ்சது 12 பாக்கணும்னு கணக்கு, அதுக்கு மேலயே பாத்திருந்தாங்க, எதுலயும் பரவல. முதல் ஸ்டேஜ். கீமோ வேண்டாம், செக்கப் மட்டும். எட்டு மாசம் மூலம்னு உக்காந்திருந்தும் முதல் ஸ்டேஜ்ங்கறது எங்க அதிர்ஷ்டம். எல்லாருக்கும் அப்படி அமையாது. "பிளாக் பாந்தர்" ஹீரோ சாட்விக் போஸ்மேன் 2020ல போனது இதே பெருங்குடல் கேன்சர்லதான், 43 வயசு. பீலே 2022ல. உலக அளவுல 2022ல மட்டும் பெருங்குடல், மலக்குடல் கேன்சர் புதுசா வந்தவங்க சுமார் 19 லட்சம். இந்தியாவுல விகிதம் மேற்கு நாடுகளை விடக் குறைவு, உண்மைதான். அதனாலயோ என்னவோ அரசு ஸ்க்ரீனிங்ல வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்னு மூணு கேன்சர் இருக்கு, குடல் இல்ல. அப்போ நம்மளா கேட்டாத்தான் உண்டு. அமெரிக்காவுல 2021ல இருந்து சாதாரண ஆளுங்களுக்கே 45 வயசுல பரிசோதனை ஆரம்பிக்கச் சொல்றாங்க.

இதுல எல்லா ரத்தமும் கேன்சர்னு யாரும் பயந்துடாதீங்க. பெரும்பாலும் அது நிஜமாவே மூலமாத்தான் இருக்கும். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது சுவத்து விளம்பரமோ, பக்கத்து சீட்டு டிரைவரோ, நானோ இல்ல. வீட்டுல பெரியவங்ககிட்ட கேக்கறதா இருந்தா "வயிறு எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க. அந்த சிஸ்டர் கேட்ட மாதிரி கேளுங்க. எத்தனை வாட்டி, முன்னாடி எத்தனை வாட்டி, போன அப்புறமும் இருக்கற மாதிரி இருக்கா, மெலிசா போகுதா, ரத்தம் மேல இருக்கா கலந்து இருக்கா. முதல் தடவை கேக்க கூச்சமாத்தான் இருக்கும். எனக்கு இப்போ எங்க மாமாகிட்டயே கேக்கற அளவுக்குத் தைரியம் வந்துடுச்சு. அவர் என்னைப் பாத்தா தெருவைக் கிராஸ் பண்ணிடறாரு. பரவால்ல.

எனக்கும் அக்காவுக்கும் டாக்டர் சொன்னது, அப்பாவுக்கு வந்திருக்கறதால நாங்க 40 வயசுல இருந்தே பரிசோதனை ஆரம்பிக்கணும். அக்காவுக்கு இன்னும் ஆறு வருஷம். எனக்கு 12. அன்னிக்கே போன்ல ரிமைண்டர் போட்டேன். 12 வருஷம் கழிச்சு இந்த ஆப் இருக்குமோ என்னவோ, ஒரு தாள்லயும் எழுதி அப்பாவோட ஃபைல்ல சொருகி வெச்சிருக்கேன்.

போன பௌர்ணமிக்கு அப்பா கிரிவலம் போகணும்னு அடம் பிடிச்சாரு. 14 கிலோமீட்டர் வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதனால ராஜகோபுரத்துல இருந்து கொஞ்ச தூரம் நடந்துட்டு ஆட்டோல ஏறினோம். இடுக்குப் பிள்ளையார் கோவில் தாண்டறப்போ ஆட்டோவை நிறுத்தச் சொன்னாரு. நுழையப் போறாரோன்னு பயந்துட்டேன், தையல் போட்ட வயிறு. இறங்கல. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நெளிஞ்சு வெளிய வர்றதைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தாரு. "நீ சொன்னதும் சரிதான்டா, ஆனா எஸ் பெண்டுதான் கரெக்ட்டு"ன்னாரு.

அவ்வளவுதான் இன்னிக்கு. உங்க வீட்டுல இந்த விஷயத்துக்கு என்ன வார்த்தை சொல்வாங்க? திருநெல்வேலிப் பக்கம், கோயம்புத்தூர் பக்கம், யாழ்ப்பாணம், மலேசியா, எங்க இருந்தாலும் வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்த்துப் போடறேன். அப்பா டிவியை நிறுத்திட்டு சாப்பிடக் கூப்பிடறாரு. வரேன்.